பத்தடிக் காம்பராவில் ஒரு விண்கப்பல்

பன்னீர் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் ஹட்டனில், பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டு வெளியூர் போய்விட்ட நான், அவனைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன். பையில் என் பிரஷர் மாத்திரையின் காலி அட்டைகள் இருந்தன. மாத்திரை இருந்த குமிழ்களை வெட்டியெடுத்தால் கப்பலுக்கு நல்ல ஜன்னல் வரும் என்று அவன்தான் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தான். போனில் பேசியது அவன் மனைவி தெய்வானை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பஸ்ல ஏறிட்டேன் தங்கச்சி."

"சரி, வாங்க. அவரு இல்லண்ணே. காலையில நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் வருவது தெரியும். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? பிறகு பஸ் கிளம்பியது. பனிமூட்டத்தில் தேயிலை மலைகள் ஒவ்வொன்றாக வந்து வந்து மறைந்தன. இறங்கும் இடம் வரைக்கும் நான் அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குப் பன்னீர்செல்வத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனுக்குத் தேயிலை சலிக்கிற காம்பரா; அறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்குத் தேயிலை காயவைக்கும் டிரையர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அவன் வீட்டுக்குள் கட்டிய விண்கப்பலைக் கேள்விப்பட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம், உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. சிரித்தவர்களில் முதல் ஆள் நான். அதனால் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

அது ஆரம்பித்தது பஜாரில். வெளிநாட்டுப் பழைய சாமான் விற்கும் நானாவின் கடையில், ஒன்றோடொன்று பொருத்தும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. விளையாட்டுச் சாமான். யாரும் வாங்கவில்லை. "பிள்ளைக்கா?" என்று நானா கேட்டிருக்கிறார். "எனக்குத்தான்" என்றானாம் இவன், ஐம்பது வயதில். அதற்குப் பிறகு எங்கிருந்து சாக்கு வந்தாலும் நானா அவனுக்கென்று ஒதுக்கி வைத்தார்.

கலந்து கிடந்த கட்டைகளைப் பிரிக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஸ்டோரில் கழித்துப் போட்ட சல்லடைகளை எடுத்துவந்து, கம்பிகளை இடைவிட்டு வெட்டி ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு, தேயிலை சலிப்பது போலவே சலித்தான். மேலே நிற்கும் பெரிய கட்டைகளுக்குத் தேயிலை ரகங்களைப் போலவே பீ.ஓ.பீ. என்று பெயர். அடியில் விழும் பொடிகள் டஸ்ட். "தங்கச்சி, அந்த டஸ்ட்டுல செவப்பு ஒண்ணு எடு" என்று அவன் கேட்பதைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். தன் மனைவியை அவன் தங்கச்சி என்று அழைத்ததாக நினைத்துவிடாதீர்கள். அவன் என் குரலில் பேசிக் கேலி செய்வான், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் கழுவிய கட்டைகள் காயவே இல்லை. கடைசி ஈடு தேயிலை இறங்கி, டிரையர் ஆறிக்கொண்டிருந்த நேரம். இரண்டு வாளியோடு வந்து நின்றான். "பத்து நிமிசம் மச்சான். கொழுந்தையே காயவைக்கிறே, இது காயாதா?" நானும் புத்தி கெட்டுப்போய்த் தட்டில் பரப்பினேன். வெளியே வந்தபோது எல்லாம் வளைந்து, பொரித்த அப்பளம் மாதிரி இருந்தன. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். "என்ன வாசம் இது?" பன்னீர் கொஞ்சமும் அசையவில்லை. "புது கிரேடு சார்." அடுத்த நாள் பூராவும் நாங்கள் இருவரும் தட்டுகளைத் தேய்த்துக் கழுவினோம். தேயிலையில் அந்த வாசம் ஏறியிருந்தால் இருவருக்கும் அன்றோடு வேலை போயிருக்கும்.

அந்தக் கோணல் கட்டைகளை அவன் எறியவில்லை. வளைவுக்கு வளைவு தேடிப் பொருத்தி, மாதக்கணக்கில் உட்கார்ந்து கப்பலின் மூக்கைக் கட்டினான். நேர் கட்டையில் அந்த வளைவு வராது. தூரத்தில் நின்று பார்த்தால் ஏதோ ஒரு மீன் மெதுவாகத் திரும்புவது போல இருக்கும்.

ஒன்பதடி நீளம், நாலடி அகலம். பத்துக்குப் பன்னிரண்டு முன் காம்பராவில் அது நின்றது. மனிதர்கள் சுவரோடு ஒட்டிப் போனார்கள். உள்ளே தட்டுத் தட்டாகச் சின்னக் காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த ஒருவர் பெயர். "விண்வெளியிலயும் லயமாடா?" என்று கேட்டேன். "நல்லாப் பாரு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜன்னல்" என்றான். லயத்தில் ஒரு காம்பராவுக்கு ஒரு ஜன்னல் இருந்தாலே பெரிது. டிரையர் அடுப்புக்காரன் என்று எனக்கு எஞ்சினுக்குப் பக்கத்தில் இடம்; அதற்கு ஜன்னல் மட்டும் பாக்கி. அவன் பெயரை மட்டும் எங்கேயும் காணவில்லை. கேட்டதற்குச் சொன்னான்: "கட்டுனவன் கீழ நின்னு பாக்கணும் மச்சான். அப்பத்தான் அது போறது தெரியும்."

இன்னொரு நாள், வாசலில் உட்கார்ந்திருந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். "நாம ஏற்கெனவே மேகத்துக்கு மேலதான் இருக்கோம். பாதித் தூரம் வந்தாச்சு" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

ஆனால் அவன் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. கதவை. இரண்டரை அடிக் கதவு. நான்தான் முதலில் கேட்டேன். "இது எப்படிடா வெளிய போவும்?"

"விண்கப்பல் வாசலாலயா போவும்? கூரையாலதான் போவும்."

அந்தப் பதில் தெய்வானைக்கு இனிக்கவில்லை. மேட்டில் அவர்களுக்குத் தனி வீடு கட்டி முடிந்து, சாவியும் கைக்கு வந்துவிட்டது. லயத்தில் மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இவன் மட்டும் நாளை, நாளை என்று கடத்தினான். கட்டைகளைப் பிரித்தால் திரும்பக் கட்ட வரைபடம் கிடையாது. எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. "பொறந்ததிலருந்து இந்தக் காம்பராதாண்ணே. சொந்தக் கதவத் தொறந்து உள்ள போகணும்னு ஆசைப்பட்டேன். இவரு பொம்மையக் கட்டிக்கிட்டு இருக்காரு" என்று என்னிடமே அழுதாள். நான் அவளுக்காகப் பேசினேன். அவன் தலை குனிந்துகொண்டான். அதுதான் நாங்கள் போட்ட கடைசிச் சண்டை.

செத்த வீட்டுக்குப் போனபோது அவனை வெளியே தரப்பாள் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே இடமில்லை. இவ்வளவு பேர் கூடியிருக்க, தெய்வானை கப்பலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பிரித்துவிடுவோமா என்று யாரோ கேட்டார்கள். அவள் ஒரு கையைக் கப்பலின் மேல் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் சாமி கும்பிட்டு முடிந்ததும் சொன்னாள். "நாளைக்கு வீடு மாறுறேன். தகரத்தக் கழட்டுங்க." லயத்தை விட்டுப் போகிறவர்கள் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போவது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் சாமான்களை முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் கழற்றுவார்கள். "கப்பல் உள்ளயே இருக்கட்டும். தகரம் போனதும் மேலால தூக்குங்க" என்றாள்.

விடிந்ததும் தகரங்கள் இறங்கின. அதற்கு முன்பே நான் என் மாத்திரை அட்டையை வெட்டி, கப்பலில் என் காம்பராவுக்குப் பாக்கியிருந்த இரண்டு ஜன்னலையும் பொருத்தினேன். அடியில் பலகை கொடுத்து, கயிறு கட்டி, எட்டுப் பேர் சுவர்மேல் ஏறி நின்றார்கள். என் முழங்காலுக்கு அது முடியாது. நான் கீழே நின்றேன்.

கப்பல் மெதுவாக எழுந்தது. காம்பராவுக்குள் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கு முதலில் பனிக்குள் போனது. ஒவ்வொரு தட்டாக என் தலைக்கு மேல் போனபோது எஞ்சினுக்குப் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. பிடித்திருந்த கைகளைப் பனி மறைத்துவிட்டது. கொஞ்ச நேரம் அது அந்தரத்தில் தானாகவே நின்றது.

மேட்டு வீட்டுக்குத் தோளில் சுமந்து போய் இறக்கியபோதுதான் கவனித்தோம், அங்கேயும் இரண்டரை அடிக் கதவுதான். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெய்வானை சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். "அங்கயும் அளக்கல, இங்கயும் அளக்கல" என்று சொல்லிச் சிரித்து, அப்படியே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாள். வீட்டுப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, பழைய தகரங்களையே கப்பலுக்குக் கூரையாகப் போட்டோம்.

டிரையரில் வளைந்த கட்டைகளில் மிச்சமிருந்த ஒன்றை அவள் எனக்குக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் நான் அவனிடமிருந்து வைத்துக்கொண்டது அது அல்ல. கீழே நின்று பார்க்கிற இடம் அவனுடையது. அன்றைக்கு அதில் நான் நின்றேன். அதை இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

மச்சான், கூரையாலதான் போச்சு. நான் பாத்தேன்.