காலை மழை பெய்யாத ஊர்

பாலத்தடித் தோட்டத்தில் ரப்பர்ப் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டிய பத்துமலைக்கு ஊர்களைப் பற்றி உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. ஓர் ஊர் பார்க்க அழகாக இருக்கிறதா, பள்ளிக்கூடம் பக்கமா, சினிமாக் கொட்டகை உண்டா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. நாளைக்கே கடைகள் கதவைச் சாத்தி, லாரிகள் ஓடாமல் நின்றுபோனால் அந்த ஊரில் மனிதன் பிழைப்பானா மாட்டானா? அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

இந்தக் கேள்வி அவரைப் பிடித்தது அறுபத்தொன்பதில். ஈப்போவில் மச்சான் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், கலவரம் என்று ஊரடங்கு போட்டுவிட்டார்கள். மச்சான் வீட்டில் இருந்தது ஒரு டின் பிஸ்கட்டும் வரக்காப்பியும். வாசலில் தார் ரோடு, தெருமுனையில் குழாய், ராத்திரியானால் மின்விளக்கு, எல்லாம் இருந்தன. பறித்துத் தின்ன ஒரு கீரைச்செடி இல்லை. தோட்டத்துக்குத் திரும்பியதும் தான் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஹோண்டாவை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினார். எழுபதுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே கழிந்தன.

பாராங் கத்தியை மண்ணில் குத்தித் திருப்பிப் பார்ப்பார். கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு குடித்துவிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று காத்திருப்பார். ஊர்க்காரர் யாராவது அகப்பட்டால், "கட சாத்திட்டா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்பார். "அடுத்த கடைக்கிப் போவோம்" என்று சொன்ன ஊர்கள் அந்த இடத்திலேயே தோற்றன.

கடைசிச் சோதனை விடிகாலையில். அதற்காக முதல்நாளே போய், தெரிந்தவர் வீட்டில் படுத்து எழுந்து வானத்தைப் பார்ப்பார். காலையில் மழை பெய்தால் ஊர் தோல்வி. இதற்கு அவர் காரணம் சொன்னதில்லை, தோட்டத்தில் யாரும் கேட்டதுமில்லை. காலையில் மழை பெய்தால் பட்டை நனையும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. காலை மழை கெட்டது என்பதற்குப் பாலத்தடியில் யாருக்கு விளக்கம் வேண்டும்?

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி துரைசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். திங்கட்கிழமை விடியலில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டில் பத்துமலையைக் கண்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

"என்ன பத்துமலை, இந்தமுறை எந்த ஊருக்குத் தீர்ப்பு?"

"கமுந்திங்குங்க ஐயா."

"பாஸோ?"

"ஃபெயிலு. விடியக்காலையில ஊத்து ஊத்துன்னு ஊத்துது."

"அது நல்ல ஊரல்லோ?"

"நல்ல ஊருதாங்க. பொழைக்க முடியாது."

கமுந்திங் அவர் மனைவி மங்களத்தின் தங்கை வீரம்மா வாழ்க்கைப்பட்ட ஊர். வீரம்மா வீட்டுக்குப் போன ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த ஊர் தோற்றது. மங்களம் பலகாரத் தூக்கைக் கழுவிக் கவிழ்ப்பதில் கொஞ்சம் சத்தம் கூடும்.

எண்பத்திரண்டில் தோட்டம் கைமாறியது. பால்மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போவதாகவும், லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்றும் பெரட்டில் படித்துச் சொன்னார்கள். அதுவரை விளையாட்டாக இருந்தது அன்றோடு நின்றது. சேமநிதிப் பணம் ஒரு தடவைதான் வரும். அதைத் தப்பான ஊரில் போட்டுவிட்டால், திரும்பி வர லயமும் இருக்காது.

மங்களம் கமுந்திங் என்றாள். வீரம்மா வீட்டு வரிசையிலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. பத்துமலை ஆயர் தாவார் என்றார். அங்கே தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஆ சோங் என்ற சீன முதலாளி துண்டு நிலம் ஒன்றை விற்பதாக இருந்தார். ஒரு குடிசை, ஒரு கிணறு, நாலைந்து தென்னை. மண்ணில் கத்தி வெண்ணெயாக இறங்கியது. முக்கியமாக, பத்துமலை போன எந்தக் காலையிலும் அங்கே மழை இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள், மங்களத்தையும் ஏற்றிக்கொண்டு போய்க் குடிசையில் தங்கினார்.

விடிந்தது. ஒரு சொட்டு இல்லை. பத்துமலை வெளியே வந்து தென்னை மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"வந்து பாரு புள்ள, பட்ட எப்புடிக் காஞ்சி கெடக்கு!"

மங்களம் வரவில்லை. கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. மேலே வந்த வாளியில் பாதிக்குமேல் சேறு.

"இங்க எப்பங்க மழ பேஞ்சுது?"

"ரெண்டு மாசமா இல்லையாம். ஆ சோங்கே சொல்றான்," என்றார் பத்துமலை, மழையைத் தாமே சொல்லி நிறுத்திவைத்தது போல.

"இங்க எத்தன மரம் வெட்டப் போறீங்க?"

"மரமா? பால்மரம் ஏது இங்க? மரவள்ளி, கீர, கோழி. அதானே பேச்சு?"

"அப்ப காலையில மழ பேஞ்சா உங்களுக்கு என்னா லா? மரவள்ளி நனைஞ்சா வெட்ட முடியாதா?"

பத்துமலை தென்னை மரத்தை இன்னொரு தடவை தடவினார். முப்பது வருஷம் பெரட்டுக்குப் போகும்முன் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. நேற்று வரை பார்த்த ஊர்களையெல்லாம் அந்தக் கண்தான் பார்த்திருக்கிறது. ஆற்றோரத்து ஊர், ஊற்றுள்ள ஊர், மரவள்ளி தொடையளவு விளைகிற ஊர் எல்லாவற்றையும் அவர் மழைக்காகத் தள்ளிவைத்திருந்தார்.

ஆ சோங் சைக்கிளில் வந்து இறங்கி, "ஜாடி கா?" என்றார். முடிந்ததா என்று கேட்கிறார். பத்துமலைக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால், "இந்த ஊரு ஃபெயிலு தவுக்கே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஹோண்டாவை உதைத்தார்.

கமுந்திங்கில் குடியேறிய முதல் காலை மழை கொட்டியது. பத்துமலை வழக்கம்போல் இருட்டோடு எழுந்து, ஜன்னலில் பார்த்து, "இன்னைக்கி வெட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தார். பிறகு இறவாரத்தின் கீழே பீப்பாய்களை வரிசையாக வைத்தார். பின்னால் மரவள்ளி வந்தது, கோழி வந்தது. வீரம்மா வேலியோரம் நின்று, "மச்சான், சண்ட எப்ப வருது?" என்பாள்.

"வரும்," என்பார் பத்துமலை.

எண்பத்தாறில் வந்தது. சண்டை இல்லை, எங்கேயோ பெரிய குழாய் வெடித்து வரிசை வீடுகள் எதிலும் தண்ணீர் வரவில்லை. பத்துமலை சட்டை போட்டுக்கொண்டு, பீப்பாய்களின் மூடியைத் திறந்து, கையில் குவளையோடு வாசலில் நின்றார். இந்த நாளுக்காகக் கிட்டத்தட்ட இருபது வருஷம் காத்திருந்தவர்.

ஒருவரும் வரவில்லை. விடிகாலையிலிருந்தே மழை. ஆளாளுக்குத் தங்கள் இறவாரத்தில் வாளி, அண்டா, குளிக்கிற பேசின் என்று அகப்பட்டதை வைத்திருந்தார்கள். எல்லாம் நிரம்பி வழிந்தது. வீரம்மா மட்டும் குடையோடு ஓடிவந்தாள்.

"மச்சான், வெறும் வாளி இருந்தா ஒன்னு குடுங்க."

கொடுத்தார். மங்களம் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னாங்க, இப்பயாச்சும் ஊரு பாஸா?"

பத்துமலை வரிசையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நிரம்பிக்கொண்டிருந்த வாளிகளைப் பார்த்தார்.

"பாஸு," என்றார். ஒரு வாய் காப்பி குடித்தார். "ஆனா இன்னைக்கி வெட்டு இல்ல."