சோதனைச் சாவடியில் ஒரு 'ஜெந்த்'

போன சனிக்கிழமை கண்டிக்குப் போகிற அம்பிட்டிய ரோட்டில், பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட அத்தனை பேருக்கும் முன்னால், நான் வாயால் கிட்டார் வாசித்தேன்.

சிரிக்காதீர்கள். இதை எழுதும்போதுகூடக் கால் தாளம் போடுகிறது.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பக்கத்து வீட்டில் கொஞ்சம் சீனி கேட்பதற்கே வாசல்வரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான். எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்?

ஒரு சொல்லிலிருந்து வந்தது. 'ஜெந்த்'.

என் தங்கை மகள் ரோஷினி, கண்டியில் ஒரு டெலிபோன் கடையில் வேலை செய்கிறாள். தங்கை மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள், மகள் என்னோடு. வந்தபோது ஒரு சூட்கேஸும், கரண்டில் வேலை செய்கிற கிட்டார் ஒன்றும் கொண்டுவந்தாள். அவள் வாசிப்பது ஹெவி மெட்டலாம். மெட்டல் என்றால் ரோட்டுக்குக் கொட்டுகிற கல் என்றுதான் எனக்குத் தெரியும். முதல் நாள் கேட்டபோது பெரிய வித்தியாசமும் தெரியவில்லை... லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரியே இருந்தது.

வேலை முடிந்து வந்து ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய், அது என்னவென்று கேட்டேன்.

காட்டினாள். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல் லேசாக அமர்த்திக்கொண்டு, தடித்த கம்பியைப் பலமாக அடித்தாள். சத்தம் பிறந்த உடனே அமுங்கியது. நெஞ்சில் யாரோ முட்டியது போல இருந்தது.

"இதுக்குப் பேருதான் ஜெந்த், பெரியம்மா."

அப்படியென்றால் என்ன அர்த்தம்?

"அர்த்தமெல்லாம் இல்ல. சத்தம்தான் பேரு."

அந்தப் பெயர் பிறந்த கதையையும் சொன்னாள். ஐரோப்பாவில் எங்கோ ஒரு கிட்டார்காரர், தன் கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ரசிகர் ஒருவருக்கு விளக்கப் பார்த்தாராம். கிட்டாரை எடுத்து அடித்தா காட்டினார்? இல்லை, வாயாலேயே அடித்தாராம். கேட்டவர் அதை இன்டர்நெட்டில் எழுதினாராம். அதைப் பார்த்தவர்கள் இன்னும் பலருக்குச் சொல்ல... இப்போது ஊர் ஊராக அதுதான் பெயர். நிஜமா என்று கேட்டேன். அப்படித்தான் சொல்கிறார்கள், வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள்.

எனக்கானால் அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்பதே மறந்துவிட்டது! ஒரு புதுச் சொல் பிறப்பதற்குப் பண்டிதர்கள் கூடிப் பேச வேண்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வேறு எப்படி நினைப்பாள்? இங்கே பார்த்தால் ஒரு வாய், ஒரு காது... வேலை முடிந்தது. எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர்களும் இப்படித்தான். தப்பு கையில் இல்லாதபோது அடியை வாயாலேயே சொல்லிக் காட்டுவார்கள். ஆக, ஐரோப்பாக்காரருக்கும் அதே வழிதான்!

அன்றிலிருந்து தேங்காய் துருவினால் ஜெந்த். துணி துவைத்தால் ஜெந்த்-ஜெந்த்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று பகல் கண்டியில் ஒரு மண்டபத்தில் ரோஷினியின் முதல் மேடை. தங்கை இரண்டு நிபந்தனைகளோடுதான் சம்மதித்திருந்தாள். ஒன்று, நான் கூடப் போக வேண்டும். மற்றது, வழியில் ஏதாவது பிரச்சினை வந்தால் கிட்டாரை விற்றுவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு மகள் ஊருக்கு வந்துவிட வேண்டும்.

நான் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? இந்த யுத்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் வெளியே போனால், கூட ஒரு நரைத்த தலையை அனுப்பிவைப்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் உண்டுதானே? செக்கிங் கொஞ்சம் லேசாகும். இனக் கலவரத்தைப் பார்த்த குடும்பங்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வைத்தியம் இது. மழைக்குக் குடை, செக்பொயின்ட்டுக்கு ஆச்சி.

அன்று குடை ஒழுகியது.

வழக்கம்போல எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் எங்கள் பெயர்களைப் பார்த்ததும் ஓர் இளம் சிப்பாய் எங்களைத் தனியே நிற்கச் சொன்னான். கிட்டார் பரவாயில்லை, பார்த்தால் கிட்டார் என்று தெரிகிறது. அடுத்த பையைத் திறந்தான். உள்ளே சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். பெட்டரி, வயர், பொத்தான். ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தான். சிவப்பு லைட் எரிந்தது.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள்.

மேலதிகாரி ஒருவர் வந்தார். அவை கிட்டாரின் சத்தத்தை மாற்றுகிற பெட்டிகள் என்று ரோஷினி சிங்களத்தில் சொன்னாள். அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தாள். ஐயோ... கரண்ட் இல்லாத அந்தக் கிட்டாரில் நுளம்பு காதோரம் பாடுகிற சத்தம்தான் வந்தது! சத்தம் வருகிற பெரிய ஸ்பீக்கரை அவளோடு வாசிக்கிற கலகெதர ஊர்ப் பையன் அஸ்லம் முன்கூட்டியே வேனில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

இதற்கா இத்தனை வயர் என்று அதிகாரி கேட்டார். இதை எப்படித்தான் மாற்றும் உங்கள் பெட்டி, அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? ரோஷினி மறுபடி கம்பியை அடித்துப் பார்த்தாள், அதே நுளம்புதான். சிப்பாய், பொலிஸுக்கு அனுப்புவோமா என்று கேட்பது என் காதில் விழுந்தது.

பொலிஸுக்குப் போனால் மேடை போயிற்று. கிட்டார் போயிற்று. இந்தப் பிள்ளை திரும்பத் தோட்டத்துக்கு.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஜெந்த்... ஜெந்த்-ஜெந்த்... ஜெந்த்!"

கையும் சும்மா இருக்கவில்லை, முந்தானையை அடித்துக்கொண்டது. பஸ் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதிகாரி என்னையே பார்த்தார். "ஆச்சி... ஆயெத் கியன்ன." இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்!

சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்ட அடியல்லவா, ஒன்றும் பிசகவில்லை. பாதியில் ரோஷினி உள்ளங்கையைக் கம்பியில் அமர்த்தி என்னோடு சேர்ந்துகொண்டாள். கிட்டாரில் டுக், என் வாயில் ஜெந்த். டுக்-டுக், ஜெந்த்-ஜெந்த். அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன்.

அதிகாரி அவள் கையைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். அந்தச் சின்னச் சத்தத்தை ஆச்சியின் சத்தமாக்குகிற பெட்டியா இது என்று கேட்டார். ரோஷினி தலையாட்டினாள். அவ்வளவுதான், மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்! பெட்டரிகளைக் கழற்றி வேறு பையில் போட்டு என் கையில் கொடுத்து, மற்றவர்களைப் பயமுறுத்தாமல் கொண்டுபோகச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் ரோஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, கடைசி ஜெந்த் கொஞ்சம் முந்திருச்சு" என்றாள். கொழுப்பைப் பாருங்கள்!

மண்டபத்தில் அதே அடியைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டேன். கதிரை அதிர்ந்தது, என் செயற்கைப் பல்லும் அதிர்ந்தது. பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டு குதித்தார்கள். நானும் தலையை ஆட்டினேன்... கொஞ்சம்தான்.

அன்று மாலை தங்கை போனில், வழியில் ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பாட்டுப் படித்துக்கொண்டே போனோம் என்றேன். பொய்யா அது?

நேற்று மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மறுபடி இறக்கினார்கள். அதே சிப்பாய். அடையாள அட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டி, மெதுவாக, "ஜெந்த்" என்றான்.

அந்தச் சொல் ஐரோப்பாவிலிருந்து எப்படி உலகம் சுற்றியது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அதற்கு அர்த்தம் கிடையாது என்று ரோஷினி சொன்னதுதான் தப்பு. நேற்று அதற்கு 'சரி, போங்க' என்று அர்த்தம்.

தங்கச்சி, நீ இதை வாசித்தால்... கிட்டார் விற்பனைக்கு இல்லை.