என்ன பச்சை

மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் மனைவி சென்னைக்குப் போனாள். பிள்ளைக்குத் தலை நின்றதும் வந்துவிடுவேன் என்றாள். தலை நின்றது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது ஓடுகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அவளை விட்டால் அங்கே பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. நியாயம்தான். நியாயமாக இருப்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போடியில் நான் ஒற்றை ஆளாக உலை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏலக்காய் ஏலத்தில் ஒரு வியாபாரிக்காகக் காய் வாங்கிக்கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் ஏலம் என்றால் ஊரே கேட்கும். இப்போது ஆளுக்கொரு கம்ப்யூட்டர். மாதிரிக் காயைத் தட்டில் பார்த்துவிட்டு விலையை விரலால் அமுக்குகிறோம். பகல் முழுக்க வாய்க்கு வேலை கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் அதே கதி.

சாயங்காலம் ஒரு சீரியல் மட்டும் இருந்தது. அவள் அங்கே பார்ப்பாள், நான் இங்கே பார்ப்பேன், விளம்பரத்தின்போது போனில் பேசிக்கொள்வோம். ஒருநாள் எங்கள் பழைய டிவியில் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் கணீரென்று வந்தது.

"அதனால என்ன, நான் சொல்றேன் கேளுங்க" என்றாள்.

அன்றிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருண்ட பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து கதை கேட்டேன்.

"மாமியார்காரி வந்துட்டா. பச்சைச் சேலை கட்டியிருக்கா."

"என்ன பச்சை?"

எங்கள் வீட்டில் அது வீண் கேள்வி இல்லை. அவள் பக்கத்துச் சிலமலைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் தரம் பிரித்தவள். பொத்தாம்பொதுவாகப் பச்சை என்று அவளுக்கு ஒன்று கிடையாது. "இப்பத்தான் உலர்த்தி இறக்குன காய்ப் பச்சை" என்பாள். "போன வருசத்துக் காய்ப் பச்சை, வெளுத்துப் போச்சு" என்பாள். "சாயம் போட்ட பச்சை" என்றாளானால் வந்திருப்பவள் வில்லி. எனக்கு மேற்கொண்டு கதை சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டு டிவியின் சத்தமும் போன் வழியே வரும், எங்கள் டிவிக்குச் சற்றுப் பின்தங்கி. ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்கும். வேறு யாருக்காவது எரிச்சலாக இருந்திருக்கும். எனக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

மகளுக்கு இது பொறுக்கவில்லை. "படம் தெரியாத டிவியை வச்சுக்கிட்டு ஏம்ப்பா கஷ்டப்படுறீங்க? நான் இங்கருந்தே ஒண்ணு ஆர்டர் போட்டு விடுறேன்" என்றாள்.

"காயைப் பார்க்காம விலை வைக்கிற பழக்கம் எனக்கில்லத்தா. நானே போய்ப் பார்த்து வாங்குறேன்" என்றேன்.

டிவி கடையில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. வரிசையாக எல்லா டிவியிலும் மலையும் காடும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதிரிப் பச்சை போடிமெட்டுக்கு மேலே எந்தச் சரிவிலும் கிடையாது. அத்தனையும் சாயம். சாயம் போட்ட காயைத் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவன், சாயம் போட்ட டிவியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேனா? ஏல மையத்துத் திரைகள் நினைவுக்கு வந்தன. அவை பொய் சொல்வதில்லை. நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"டிவிக்குப் பதிலா மானிட்டரே போதும் தம்பி. படம் வரும்ல?"

"செட்டாப் பாக்ஸ்ல சொருகுனா சூப்பரா படம் வரும்ணே" என்றார் கடைக்காரர்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்றும் அந்தக் கடையில் சொல்லிச் சிரிப்பார்களாக இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் காய் பார்க்கக் கூடாது என்பது தொழில் பாடம். அதனால் மானிட்டரை ஒயரோடு வாசல் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். என் போனில் இருந்த ஏலக்காய்ப் படத்தை அதில் போடச் சொல்லி, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் காய்களில் ஒன்றை எடுத்துத் திரையோடு ஒட்டிப் பார்த்தேன். இது ஒத்துவரவில்லை, அடுத்தது கொண்டா என்றேன். கடைசியில் ஒன்று பொருந்தியது. காய் எது, படம் எது என்று தெரியாத அளவுக்குப் பொருத்தம். வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்கு வந்து மாட்டினேன்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

ஒயரைப் பிடுங்கிச் சொருகி, தட்டி, திட்டி, எல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் கடைக்குப் போனேன். "இதுல ஸ்பீக்கரே கிடையாதுண்ணே. நீங்க கலரை மட்டுந்தான கேட்டீங்க?" என்றார் கடைக்காரர். காயை முகர்ந்து பார்ப்போம், நசுக்கிப் பார்ப்போம், வாயில் போட்டும் பார்ப்போம். காதில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. அவரே வழியும் சொன்னார்: பழைய டிவிக்குப் போகும் ஒயர் பாட்டுக்கு இருக்கட்டும், மானிட்டருக்கு வேறு ஒயர், இரண்டும் ஓடும். அப்படியே செய்தேன். மேலே மானிட்டரில் படம், கீழே பழைய பெட்டியில் சத்தம்.

அன்று சாயங்காலம் அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது."

"அப்ப நிம்மதியாப் பாருங்க. நான் பிள்ளைக்கு வெரசாச் சோறூட்டிட்டு வர்றேன்."

வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். எல்லாம் தெரிகிறவனிடம் அவள் எதைச் சொல்வாள்? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்பதோடு பேச்சு முடிந்தது. அந்த மாமியார்காரி நாளுக்கொரு பச்சையில் வந்து போனாள். என்ன பச்சை என்று எனக்கே தெரிந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் தோட்டத்தில் காய் பார்க்க மலைக்குப் போனவன், திரும்பும்போது முதலாளியின் காரை விட்டுவிட்டுத் தோட்டத்துப் பெண்களின் ஜீப்பில் ஏறினேன். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று நெருக்கித் தள்ளினார்கள். போடி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் யார் வீட்டுச் சண்டையையோ உரக்கப் பேசினார்கள். ஒன்றும் விளங்கவில்லை. இறங்கவும் மனமில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் சீரியல் தொடங்கியதும் மானிட்டரை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"படம் போச்சு."

"எது, புதுசா?"

"ஆமா. சத்தம் மட்டும் வருது."

போனில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இருங்க, பிள்ளையை இறக்கி விட்டுட்டு வர்றேன்" என்றாள். வந்தாள். மாமியார்காரி படியில் இறங்குகிறாள் என்றாள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றாள். எனக்குப் பசித்தவனுக்கு இலை போட்டதுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், அவள் சொல்கிற அழகைப் பார்க்கலாமே என்று மானிட்டரைத் தட்டிவிட்டேன்.

படியே இல்லை. ஆஸ்பத்திரி. மாமியார்காரி சிவப்புச் சேலையில் கட்டில் ஓரம் நின்றிருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். வசனம் ஒரு தடவைதான் கேட்டது. போனுக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் மழலையும் தண்ணீர் விழும் சத்தமும்தான். அவள் எந்த டிவிக்கும் முன்னால் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு, என் வீட்டுச் சத்தத்தைப் போனில் கேட்டுக் கேட்டு, எனக்காகப் படத்தைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பச்சைச் சேலை கட்டியிருக்கா" என்றாள்.

மானிட்டரை அணைத்தேன்.

"என்ன பச்சை?" என்று கேட்டேன்.