குன்வோரின் பெயர் அச்சாகாத கதை

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: குன்வோர் ஆல்ஸ்தெட். எங்கள் 'பாக்கோர்டன்' கலைப் பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்தையும் இருபத்தேழு வருடமாக வடிவமைத்து, பிழை பார்த்து, அச்சுக்கு அனுப்பியவள். பகலில் சுவீடனின் நோர்ஷோப்பிங் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறையில் வேலை. மாலையில் எங்களோடு மாரடிப்பு.

இந்தப் பெயரைப் பத்திரிகையில் நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. தொடங்கும்போதே எங்கள் புண்ணியவான்கள் ஒரு விதி போட்டார்கள்: எல்லாம் கூட்டு உழைப்பு, ஆகவே எங்களில் யார் பெயரும் அச்சில் வராது. இன்னொரு விதி, எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். அட்டையின் நிறத்துக்கே இரண்டு மாதம் உட்கார்ந்து பேசிய கூட்டம் இது.

நூறாவது இதழுக்குப் பத்திரிகையின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'ஒருவர் பழைய கணினி கொண்டுவந்தார், ஒருவர் ஓவியர்களைத் தேடிப் பிடித்தார்' என்று பத்துப் பக்கம். எனக்கே கொட்டாவி வந்தது.

குன்வோருக்கு அதுதான் கடைசி இதழ். கண் மங்கிவிட்டது. ஒருநாள் என்னிடம், "இந்த ஒரு தடவை என் பேரைப் போடுவீங்களா? நான் எங்கயோ நோட்டீஸ் ஒட்டறேன்னு எங்க அண்ணன் நெனச்சுட்டு இருக்கார். அவருக்குக் காட்டணும்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கூட்டம் போட்டோம். ஏழு பேர், காபி, ஏலக்காய் ரொட்டி. தோர்க்கெல் என்று ஒருவன், சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. "இது குன்வோரைப் பத்தின விஷயம். அவங்க வெளிய இருக்கறதுதானே முறை" என்றான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஆறு பேரும் சரி என்றோம்.

உடனே அவன், "இப்ப எல்லாரும் இல்லையே. அவங்க இல்லாம எப்படி முடிவெடுக்கறது?" என்றான்.

"அப்பக் கூப்பிடு" என்றேன்.

"கூப்பிட்டா, தன் விஷயத்துக்குத் தானே ஓட்டுப் போட்ட மாதிரி ஆயிடும்."

"நீ என்னதான்யா சொல்ற?"

"நான் எதிர்க்கலையே. முறையைச் சொல்றேன்."

மற்ற நால்வரும் அதற்கும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்திலும் இதே கூத்து. அதற்கடுத்த கூட்டத்துக்குள் அச்சுக்கு அனுப்பும் நாள் வந்துவிட்டது.

போங்கடா என்று நானே முடிவெடுத்தேன். ஏழாவது பக்கத்தில் 'ஒருவர்' என்றிருந்த இடத்தில் அவள் முழுப் பெயரை எழுதி, யாரிடமும் சொல்லாமல் அவளுக்கே அனுப்பினேன். அவளுக்குப் பிறகு அதைப் பார்க்கப்போவது அச்சகம்தான்.

இதழ் வந்தது. ஏழாவது பக்கத்தைத் திறந்தேன். 'ஒருவர் இருபத்தேழு வருடம் பக்கங்களை வடிவமைத்தார்.'

தொலைபேசியில் கத்தினேன். "எதுக்கு எடுத்தே?"

"அது இன்னும் முடிவாகலையே," என்றாள் குன்வோர். "முடிவாகாததை நான் இதுவரைக்கும் அச்சுக்கு அனுப்பினதில்ல."

"அண்ணனுக்கு என்னத்தைக் காட்டுவே?"

"காட்டிட்டேன். ஒருவர்னு போட்டிருக்கே, அது நான்தான்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"



"அப்படி யார் வேணா சொல்லிக்கலாமேன்னார்."