முதல் மடக்கு

வீட்டில் ஒரு காலி ஒயின் பாட்டில் இருந்ததற்காக நான் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. ஷார்ஜாவில் மது கூடாது. காலி பாட்டில் கூடுமா கூடாதா என்று கேட்க எனக்கு ஆளில்லை. அம்மாவிடம் கேட்டால் அவளுக்கும் பயம் வந்துவிடும்.

கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. துபாயில் பெரிய ஹோட்டல் ஒன்றில் மேசை மேசையாகப் போய்த் தண்ணீர் ஊற்றும் வேலை. அங்கே ஒயின் ஊற்ற ஓர் ஆளை எடுக்கப் போகிறார்கள், எடுத்த ஆளைப் பிரான்சில் அந்த ஒயின் விளையும் தோட்டத்துக்கே அனுப்பிப் பழக்குவார்கள் என்று பேச்சு. பாட்டில் லேபிளில் கோபுரம் வைத்த பழைய மாளிகை இருந்தது. சொந்த ஊரைப் பற்றிப் பேசுவதுபோல மாமா அதைப் பற்றிப் பேசுவார். மண்ணெல்லாம் சரளைக்கல்லாம், பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம். சிவப்பு ஒயினை மரப்பீப்பாயில் ஊற்றி இருட்டறையில் வருஷக்கணக்காக விட்டுவிடுவார்களாம். அத்தனை நாள் கெடாமல் இருக்குமா என்று எனக்குக் கவலை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். பிரான்ஸ் எந்தப் பக்கம் என்று இன்றும் தெரியாது. அந்தச் சரளைக்கல் மட்டும் மறக்கவில்லை.

அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமைதான்; அன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பயிற்சி. நோன்பு மாதத்தில் கடையெங்கும் குவியும் சிவப்பு சர்பத்தைக் கரைத்துப் பாட்டிலில் நிரப்புவார். நான்தான் விருந்தாளி. ஒரே ஒரு மடக்கு ஊற்றிவிட்டு நிற்பார். விருந்தாளி ருசித்துத் தலையாட்டிய பிறகுதான் மிச்சம். விரிப்பில் சிந்திவிடுமோ என்ற பதற்றத்தில் நான் ருசிக்காமலே தலையாட்டிவிடுவேன்.

மாமா ஒரு சொட்டும் குடித்ததில்லை. தாத்தா குடித்தே செத்தவர். அதனால் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மாமா மாதா கோயிலில் வைத்து அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். ஆனால் தேர்வில் ருசித்துச் சொல்ல வேண்டுமாம்.

"துப்பிருவேன்க்கா. அங்க எல்லாரும் துப்பத்தான் செய்வாங்க. இதுவரைக்கும் குடிக்கிறவங்க மூஞ்சியப் பாத்துத்தான் எனக்கு ருசியே தெரியும்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "நம்ம அப்பாவும் மொதல்ல நாக்கைத்தான் நனைச்சாரு."

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. தேர்வன்று மோந்து பார்த்து, மண்ணையும் மரத்தையும் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டாராம். வேலை இன்னொருவருக்குப் போனது. அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு அதைவிட நிம்மதி, பாட்டில் போய்விடுமே. இத்தனை வருஷம் கழித்து இப்போது, யாரும் கேட்காமலே, "துப்பத்தானே கேட்டான்" என்கிறாள் அம்மா.

பாட்டிலை எடுத்துப்போக வந்த வெள்ளிக்கிழமை மாமா கொஞ்சம் சர்பத் கரைத்தார். என்னை உட்காரச் சொல்லி, துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, முறைப்படி ஒரு மடக்கு ஊற்றினார்.

"எப்பிடியிருக்கு மக்ளே?"

"இனிப்பா இருக்கு மாமா."

"அது இனிக்காதாம்" என்றார். ஆனாலும் மிச்சத்தை ஊற்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டில் கறை ஒட்டியிருக்கிறதாக்கும் என்று நினைத்து, நான் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.