நெப்டியூனுக்கு அப்பால் ஒரு புள்ளி

போட்டோ ஸ்டூடியோக்காரனுக்குப் படத்தில் விழும் வெள்ளைப் புள்ளிதான் பரம எதிரி. என்னைப் போல அதைப் பிரஷ் நுனியால் மறைத்தே கண் கெட்டவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் கடை வைத்திருந்த நானோ, அப்படி ஒரு புள்ளியைத் தேடி அலைந்தேன்.

எந்த வீட்டுக் கல்யாணம்?

ஜெலாப்பாங்கிலிருந்து பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த அந்தோணி, காயப்போட்டிருந்த கறுப்புப் படங்களைப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் இப்படிக் கெட்டுப்போச்சு என்று வருத்தப்பட்டார். வானம் என்றேன். நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு ராட்சதக் கிரகம் ஒளிந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் சிலர் நினைப்பதைச் சொன்னேன். வானத்தில் ஒரே இடத்தை ஒரு வாரம் விட்டு மறுபடி படம் பிடித்தால் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும், கிரகம் மட்டும் நகர்ந்திருக்கும். என் கேமராவுக்கு எட்டுமோ எட்டாதோ, ஆசை விடவில்லை. தலை சீவ எடுத்த சீப்பை மறந்து அவர் சொன்னார்:

"சூரியனுக்கு எத்தனை பிள்ளைங்கன்னே இன்னும் தெரியல லா."

விளக்கை அணைத்த லயம்

ஊர் வெளிச்சம் படத்தைக் கெடுத்ததால், சுங்காய் பக்கம் மச்சான் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். விடியுமுன், வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில்தான் நான் தேடிய வானப் பகுதி மேலே ஏறி வரும். ஒருநாள் மச்சான் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொள்ள, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து விளக்குகளை எல்லாரும் அணைத்தார்கள். ரப்பர் பால் வாளியோடு வந்தவர்கள் நெற்றி விளக்கையும் அணைத்துவிட்டுத் திடலில் அப்படியே நின்றார்கள். தலைக்கு மேல் பால்வீதி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிடந்தது. பாலுக்கு மரம் வெட்டப் போகவேண்டிய முனியம்மா அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"இத்தனை வருசமா இதுக்குக் கீழயா நடந்து போய்க்கிட்டு இருந்தோம்?"

நகர்ந்தது

அங்கே எடுத்த படங்களில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தது. கடையில் எனக்குத் துணையாக இருந்த மணியம் நெகட்டிவைக் கழுவித் துடைத்தார், புள்ளி போகவில்லை. மறுபடி போய் எடுத்தேன். இன்னும் தள்ளிப் போயிருந்தது. புதுக் கிரகமே சிக்கிவிட்டது என்று நினைத்தேன். வான வரைபடம் வைத்திருந்த ஆசிரியர் ஒருவரிடம் படங்களைக் கொண்டுபோனேன். அவர் விரல் வைத்துக் காட்டினார்: யுரேனஸ். யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்ட கிரகம்.

இருட்டறையில் போய் உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது. பிறகுதான் உறைத்தது: சூரிய வெளிச்சம் அவ்வளவு தூரம் போய், ஒரு ராட்சத உருண்டையின் மேல் பட்டு, திரும்பி வந்து, சுங்காயில் என் பிலிமில் விழுந்திருக்கிறது. மணியத்திடம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

"அண்ணே, நாம தேடினோம், ஆனா இதுதானே நம்மளத் தேடி வந்திருக்கு."

பல வருஷம் தேடி நான் கண்டுபிடித்தது, ஊர் உலகத்துக்கு முன்பே தெரிந்த ஒரு கிரகமும், அதைப் பார்த்த பிறகு கல்யாண வீட்டுப் படங்களில் பிடிப்பே இல்லாமல் போன ஒரு ஸ்டூடியோக்காரனும்தான்.