கோடு போட்ட டயர்

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தேன். பஞ்சரைவிட எனக்குப் பேர் வாங்கித் தந்தது வேறு வேலை. தேய்ந்து மொட்டையான டயரில், சூடாக்கிய கத்தியால் பழையபடி கோடு கீறித் தருவேன். ஆழமாகப் போனால் உள்ளே நூல் தெரிந்துவிடும். அதனால் நகக்கண் அளவுக்குத்தான் கீறுவேன். மேலே கறுப்பு மை. கம்பெனி கேட்டில் குனிந்து பார்ப்பவருக்கு அது போதும். புது டயரையே தோற்கடித்துவிட்ட திமிர் எனக்கு.

என் தம்பி, மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினான். அதன் முன் டயர் இரண்டும் என் கைவேலை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் கடைக்கு வந்தவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா மாயம் பண்ணேண்ணா? தண்ணி நிக்கிற எடத்துல ஸ்டியரிங் தானா லேசாயிடுது. ஒத்த வெரல்ல ஓட்டலாம்."

"யார் கை பட்டதுடா!" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கும்போதுதான் ஸ்டியரிங் அப்படி லேசாகும் என்று இன்று எந்த மெக்கானிக்கும் சொல்வான். நான் அன்று அவனுக்கு இன்னொரு டீ சொன்னேன்.

நான்காம் நாள், மதிய ஷிப்டுக்குப் போன வேன் ஏரிக்கரை வளைவில் திரும்பவே இல்லை. நேராகப் போய்ப் புளியமரத்தில் மோதியது. முன்சீட்டில் இருந்த பெண் அங்கேயே போய்விட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை.

"டிரைவர் தூங்கிட்டான்பா. பிரேக்கே அடிக்கல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மழையில் குந்தி முன் டயரைத் தடவிப் பார்த்தேன். மை போயிருந்தது. என் கோடுகள் அப்படியே இருந்தன. தம்பி சொன்ன லேசு எதுவென்று அப்போதுதான் உறைத்தது; தண்ணீர்மேல் மிதக்கும் டயர் பிரேக் அடித்தாலும் தடம் பதிக்காது.

ஆஸ்பத்திரியில் தம்பி காலில் கட்டோடு கிடந்தான்.

"பிரேக்க மிதிச்சேண்ணா, நல்லா நெனப்பு கீது. ஆனா எல்லாரும் தூங்கிட்டேன்றாங்க. நான் தூங்கிட்டனாண்ணா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் கோழை.

"ரெண்டு ஷிப்ட் ஓட்டுனா யாருக்குத்தாண்டா தூக்கம் வராது" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். அதன்பிறகு வண்டியைத் தொடவில்லை. இன்றும் வாலாஜாபாத் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால், இறங்கும்வரை கண்ணை மூடமாட்டான்.